அளவை மிஞ்சிய வட்டு



நுரைச்சோலை என்று கூறியதும் இன்று எவருக்கும் அனல்மின் நிலையமே நினைவுக்கு வரும். 2011ஆம் ஆண்டில் அதன் முதலாவது அலகு இயங்கத் தொடங்கிற்று; 2014ஆம் ஆண்டில் மூன்று அலகுகளும் நிறைவுற்றன. ஒவ்வோர் அலகுக்கும் 300 மெகாவாட் என்று அளவு குறித்திருக்கிறார்கள். அந்தப் புகைபோக்கி எழுவதற்கு முன்னர் எங்கள் ஊர் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் கருவாட்டுக்கும் பெயர்பெற்றிருந்த மணற்பாங்கான ஊர். மாலை வேளைகளில் தோட்டங்களிலிருந்து மூட்டைகளை ஏற்றிக்கொண்டு லொறிகள் புத்தளம் நோக்கிப் புறப்படும். எத்தனை கிலோகிராம் ஏற்றலாம் என்பது லொறியின் பக்கப் பலகையிலே வெள்ளை மையினால் எழுதப்பட்டிருக்கும். ஆயினும், மூட்டை அடுக்குவோர் அந்த எழுத்தை வாசித்ததை நான் கண்டதில்லை. பத்து மூட்டை கூடுதலாக ஏற்றியும் வண்டி நகர்ந்துவிட்டால், எழுதிவைத்தவன் அறியாதவன் என்பதே அவர்கள் முடிவு. பாலாவிச் சந்திக்கு அப்பால் அச்சு முறிந்து நிற்கும் லொறியைப் பார்க்கும்போது மட்டும் அந்த வெள்ளை எழுத்து எல்லோர் கண்ணுக்கும் தெரியும்.

இன்று நான் பேச வந்த பொருள் லொறியன்று; நெகிழ்வட்டு. பிளொப்பி என்று நாம் அழைத்த, சதுரமான சட்டைக்குள் அடங்கிய அந்தச் சிறிய காந்தத் தட்டைப் பற்றியது. அதன்மேல் அச்சிட்டிருந்த கொள்ளளவுக்கு மேலாக எழுத்துகளை ஏற்றிய ஒருவனின் கதையும் இதிலே உண்டு. அந்த ஒருவன் நானே.

இளைய நேயர்களின் பொருட்டு இரண்டொரு சொற்கள் கூற வேண்டும். 1971ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் எட்டு அங்குல அகலமுள்ள நெகிழ்வட்டை வெளியிட்டது. அதில் அடங்கியது ஏறத்தாழ 80 கிலோபைற். 1976ஆம் ஆண்டில் ஷுகார்ட் நிறுவனம் ஐந்தேகால் அங்குல வட்டைக் கொணர்ந்தது. 1981ஆம் ஆண்டில் சோனி நிறுவனம் கடினமான பிளாஸ்டிக் உறைக்குள் மூன்றரை அங்குல வட்டை அமைத்தது. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் செல்லக்கூடிய இம்மூன்றாம் வகையே எம்மவர் பெரிதும் கண்ட வகை. இதில் இரு தரங்கள் இருந்தன. ஒன்று 720 கிலோபைற் கொள்வது, மற்றது 1.44 மெகாபைற் எனப்பட்டது, அதாவது முன்னதைப்போல் இரட்டிப்பு. இரண்டும் ஒரே உருவம், ஒரே பருமன். எழுதத் தடைவிதிக்கும் சிறு துளை இரண்டிலும் ஒரு மூலையிலே இருக்கும். பெரிய கொள்ளளவுடைய வட்டில் மட்டும் எதிர்மூலையில் மேலுமொரு துளை இருக்கும். கணினியின் வட்டு இயக்கி அந்தத் துளையைத் தொட்டோ ஒளிபாய்ச்சியோ பார்த்து, வந்திருப்பது எந்தத் தரம் என்று அறிந்துகொள்ளும்.

துளை ஒன்றே வேறுபாடென்றால், துளையிட்டுவிட்டால் போயிற்று என்று எண்ணாதவர் யார்? மேலைநாடுகளில் இதற்கென்றே காகிதத் துளைப்பான் போன்றதொரு கருவியைக் கடைகளில் விற்றார்கள். எங்களிடம் அந்தக் கருவி இருக்கவில்லை. ஆணியும் மெழுகுதிரியும் இருந்தன.

1997ஆம் ஆண்டு. நான் அப்போது இருபத்தெட்டு வயது இளைஞன். கலைப் பட்டதாரி ஆசிரியன். வரலாறும் தமிழும் கற்பித்தேன். நான் பணிபுரிந்த பாடசாலைக்குப் பழைய கணினி ஒன்று நன்கொடையாக வந்தது. அதனைத் தொட அஞ்சாதவன் நான் ஒருவன்தான் என்பதால் அதற்குப் பொறுப்பாளனும் ஆனேன்.

அந்நாட்களில் எங்கள் பாடசாலை ஒரு பாடசாலையாக இருக்கவில்லை. மூன்று பாடசாலைகள் ஒரே கூரையின்கீழ் இருந்தாற்போல் இருந்தது. 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் வட மாகாணத்து முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் தத்தம் ஊர்களினின்றும் வெளியேற்றப்பட்டதை நேயர்கள் அறிவர். அவர்களுட் பெருந்தொகையினர் புத்தளம் மாவட்டத்துக்கே வந்து சேர்ந்தனர். கற்பிட்டித் தீபகற்பத்தின் தென்னந்தோப்புகளிலும் வெறுநிலங்களிலும் ஓலைக் குடிசைகள் எழுந்தன. பிள்ளைகள் எங்கள் வகுப்பறைகளுக்கு வந்தார்கள். பிறப்புச் சான்றிதழ் இல்லை. முன்னைய பாடசாலையின் விடுகைப் பத்திரம் இல்லை. சிலருக்குச் செருப்பும் இல்லை. தாயோ தகப்பனோ வாய்மொழியாகச் சொன்ன பிறந்த திகதியையும் ஊரையும் பாடசாலையின் பெயரையும் சேர்வுப் பதிவேட்டில் எழுதிக்கொண்டோம். பல பிள்ளைகளுக்கு இவ்வுலகில் அவர்களுடைய வயதைக் கூறிய எழுத்து அந்த ஒரு வரி மட்டுமே.

பதிவேடுகள் ஈரத்தாலும் கையாளலாலும் நைந்து வருவதைக் கண்டு, அவற்றைக் கணினியில் ஏற்றிவைப்போம் என்று யோசனை கூறியவன் நானே. அதிபர் மகிழ்ந்தார். ஆனால், வட்டுகள் வாங்கப் பணம் மிகக் குறைவு. கொழும்பில் ஒரு கடையில் 720 கிலோபைற் வட்டுகளைத் தேங்கிப்போன சரக்கென்று மலிவாகக் கொடுத்தார்கள். பத்து வட்டுகள் வாங்கினேன். கூடவே ஓர் இலவச ஆலோசனையும் கிடைத்தது: துளையிட்டால் இரட்டிப்பு! ஊருக்குத் திரும்பி, ஆணியைச் சுடவைத்து, நல்ல வட்டு ஒன்றை மாதிரியாக வைத்துக்கொண்டு, ஒன்பது வட்டுகளுக்குத் துளையிட்டேன். பத்தாவதை ஏன் விட்டேனென்று கேட்டால், மெழுகுதிரி முடிந்துவிட்டது என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை.

கணினி ஒன்பது வட்டுகளையும் ஏற்றது. 1.44 மெகாபைற் என்றே அறிவித்தது. எழுதினேன், திருப்பிப் படித்தேன், ஓரெழுத்தும் பிசகவில்லை. உற்பத்தியாளர் ஒரே பண்டத்துக்கு இரு பெயரிட்டு இரு விலை வைக்கிறார்கள் என்று ஆசிரியர் அறையில் ஒரு சிறு பிரசங்கமே செய்தேன்.

அந்தப் பிரசங்கத்தில் ஒரு பங்கு உண்மையும் இருந்தது. கேடு விளைந்ததும் அதனால்தான். ஐந்தேகால் அங்குல வட்டுகளின் காலத்தில் ஒருபக்க வட்டு, இருபக்க வட்டு என்று இரண்டு விற்றார்கள். ஒருபக்க வட்டின் மறுபக்கத்திலும் அதே காந்தப் பூச்சு இருந்தது. அந்தப் பக்கத்தைச் சோதித்து உறுதிகூறவில்லை என்பதே வேறுபாடு. அப்பிள், கொமடோர் முதலிய கணினிகளை வைத்திருந்தோர் உறையின் ஓரத்தில் கத்தரிக்கோலால் ஒரு வெட்டு வெட்டி, வட்டைத் திருப்பிப் போட்டு, மறுபக்கத்தையும் பயன்படுத்தினர். திருப்பிப் போட்டால் தட்டு எதிர்த்திசையிலே சுழலும். உறையின் உட்துணியில் தங்கிய தூசி கிளம்பித் தலையில் படும் என்று உற்பத்தியாளர் எச்சரித்தனர். ஆபத்து இல்லாமலில்லை. ஆயினும் பூச்சு ஒன்றே. எழுத்தின் நெருக்கமும் ஒன்றே. ஆகையால் பெரும்பாலோர்க்கு அந்தத் தந்திரம் பலித்தது. அந்தப் பலனைக் கண்டவர்களே, அதே நியாயம் துளைக்கும் பொருந்துமென்று உலகெங்கும் சொல்லிவைத்தார்கள். அது பொருந்தாது. 720 வட்டின் பூச்சு வேறு, 1.44 வட்டின் பூச்சு வேறு.

எப்படி வேறு என்பதைச் சற்று விளக்குகிறேன். நான் விஞ்ஞானம் பயின்றவனல்லன். தோல்வி வந்த பின்னர் தேடிப் படித்தவன். ஒரு காந்தப் பூச்சில் எழுதியதை அழிப்பதற்கு எவ்வளவு வலிமையான எதிர்க்காந்தப் புலம் வேண்டும் என்பதற்கு ஓர் அளவு உண்டு. ஓர்ஸ்டெட் என்னும் அலகிலே அதனைக் கூறுவர். மூன்றரை அங்குல வட்டில் சிறிய தரத்துக்கு அது 600க்குச் சற்று மேல். பெரிய தரத்துக்கு 700க்கு மேல். பூச்சின் கனமோ முன்னதில் ஏறத்தாழ 2 மைக்ரோன். பின்னதில் ஏறத்தாழ 1 மைக்ரோன். பெரிய தரத்தில் பூச்சு மெல்லியது. ஆனால் பிடிவாதம் கூடியது. எழுத்தை நெருக்கி எழுதும்போது பக்கத்துப் பக்கத்திலிருக்கும் நுண்காந்தங்கள் ஒன்றையொன்று தள்ளி வலுவிழக்கச் செய்யும். பிடிவாதமுள்ள மெல்லிய பூச்சு அந்தத் தள்ளுதலைத் தாங்கும். தடித்த, இளகிய பூச்சு தாங்காது. நான்கு கோட்டுக் கொப்பியில் கூரிய பேனையால் எழுத வேண்டியதை, மை ஊறும் காகிதத்தில் மொட்டைப் பேனையால் எழுதினாற்போல் ஆகும். எழுதிய அன்று வாசிக்கலாம். மை பரவப் பரவ, இரண்டு எழுத்துகளுக்கு இடையிலான வெளி அடைபட்டுவிடும்.

இரு தரங்களுக்கும் உள்ள வேறுபாடு சிறிது என்பதே இங்கு வஞ்சகம். ஐந்தேகால் அங்குல வட்டுகளில் 360 கிலோபைற் தரத்துக்கு 300 ஓர்ஸ்டெட், 1.2 மெகாபைற் தரத்துக்கு 600 ஓர்ஸ்டெட் என்று வேறுபாடு இரு மடங்காயிருந்தது. ஆகவே அங்கே அளவை மீற முயன்றவர்க்கு அன்றைக்கே பிழைச்செய்தி கிடைத்துவிடும், அவர் தப்பித்தார். மூன்றரை அங்குல வட்டோ முதல்நாள் முகமலர்ச்சியுடன் ஏற்றுக்கொண்டு, ஆண்டுகள் கழித்துக் கைவிட்டது.

இன்னொரு வகை மீறலும் உண்டு. அதனை இதனோடு குழப்புதல் கூடாது. உண்மையான 1.44 வட்டில் ஒவ்வொரு தடத்திலும் 512 பைற் கொண்ட துண்டங்கள் 18 உள்ளன. பக்கத்துக்கு 80 தடம், இரு பக்கம். பெருக்கினால் 14,74,560 பைற் வரும். ஆனால் தட்டு ஒரு சுற்றுச் சுற்றுகையில் 12,500 பைற் எழுத இடமுண்டு. துண்டங்கள் பதினெட்டும் அதில் 9,216ஐத்தான் கொள்கின்றன. மீதி, துண்டங்களின் முகவரிக்கும் அவற்றிடையே விட்ட இடைவெளிகளுக்கும் போகிறது. எல்லா இயக்கிகளும் ஒரே வேகத்தில் சுழல்வதில்லையாதலின், ஒரு துண்டத்தைத் திருத்தி எழுதுகையில் அது சற்று நீண்டுவிட்டாலும் அடுத்ததன் தலையில் ஏறாதிருக்கவே இந்த இடைவெளி. மைக்ரோசொப்ட் நிறுவனம் தன் மென்பொருள்களை வட்டுகளில் விற்றபோது, இடைவெளிகளைக் குறுக்கி, தடத்துக்கு 21 துண்டங்கள் அமைத்து, ஒரு வட்டில் 1,680 கிலோபைற் ஏற்றியது. ஐ.பி.எம். நிறுவனம் வேறொரு முறையால் 1.84 மெகாபைற் வரை சென்றது. இவையும் அச்சிட்ட அளவை மிஞ்சியவையே. ஆயினும் இங்கே எழுத்தின் நெருக்கம் கூடவில்லை; வரம்புகளை மட்டும் ஒடுக்கி வயலைப் பெருக்கினார்கள். ஆலையில் ஒருமுறை எழுதி, பின்னர் வாசிப்பதற்கு மட்டுமே அந்த வட்டுகள் பயன்பட்டன. அவ்வாறு பயன்படுத்துமளவும் அவை நம்பத்தக்கவை என்பது என் துணிபு. வீட்டிலே அத்தகைய வட்டில் எழுதியும் அழித்தும் வந்தவர்களின் கதை வேறு.

இனி என் வட்டுகளுக்கு வருகிறேன்.

2009ஆம் ஆண்டில் போர் ஓய்ந்தது. இடம்பெயர்ந்த குடும்பங்களிற் சில மெல்ல மெல்ல வடக்கே திரும்பலாயின. 2012ஆம் ஆண்டு ஒருநாள், இருபத்தாறு வயது மதிக்கத்தக்க இளைஞர் ஒருவர் பாடசாலைக்கு வந்தார். மன்னார் மாவட்டத்து மறிச்சுக்கட்டியைச் சேர்ந்த குடும்பம். நான்கு வயதில் தாயின் இடுப்பிலிருந்தபடி எங்கள் கரைக்கு வந்தவர். 1997ஆம் ஆண்டில் ஆறாம் தரத்தில் என்னிடம் வரலாறு படித்தவர். “சேர், என்னை நினைவிருக்கிறதா?” என்று கேட்டார். முகம் நினைவிருந்தது, பெயர் வரவில்லை. விடுகைப் பத்திரம் வெள்ளத்தில் போய்விட்டதென்றும், சொந்த ஊரில் வேலைக்கு விண்ணப்பிக்கத் தாம் இங்கு படித்ததற்கும் பிறந்த திகதிக்கும் உறுதிப்பத்திரம் வேண்டுமென்றும் கூறினார்.

சேர்வுப் பதிவேட்டைத் தேடினோம். களஞ்சிய அறையின் கூரை ஒழுகி, கறையான் ஏறி, அந்த ஆண்டுகளுக்குரிய ஏடு ஒட்டுண்டு கட்டையாகக் கிடந்தது. சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1887ஆம் ஆண்டில் கலித்தொகையைப் பதிப்பித்தபோது, தொட்டால் உதிரும் ஓலைச்சுவடிகளைக் குறித்து முன்னுரையில் வருந்தியிருக்கிறார். வகுப்பில் அதனைப் பலமுறை எடுத்துச் சொன்னவன் நான். அன்று என் கையிலேயே ஒன்று உதிர்ந்தது. எனினும் நான் கலங்கவில்லை. “பயப்பட வேண்டாம் தம்பி, வட்டில் இருக்கிறது” என்றேன்.

வட்டை இட்டேன். கோப்புகளின் பெயர்கள் வரிசையாகத் தோன்றின: ஒன்றாம் தரம், இரண்டாம் தரம் என்று பதினொன்றாம் தரம் வரையில். இளைஞரின் முகம் மலர்ந்தது. ஆறாம் தரக் கோப்பைத் திறந்தேன். இயக்கி கர் கர் என்று சத்தமிட்டது, நின்றது, மறுபடி சத்தமிட்டது. பின்னர், படிக்க இயலவில்லை என்ற செய்தி வந்தது.

பெயர்கள் மட்டும் எவ்வாறு தெரிந்தன? இந்த நுட்பத்தை நேயர்கள் கவனிக்க வேண்டும். கோப்புகளின் பெயர்ப்பட்டியல் வட்டின் வெளியோரத்துத் தடத்திலே இருக்கிறது. எழுதத் தொடங்கும் கணினி வெளியிலிருந்து உள்நோக்கிச் செல்கிறது. ஒவ்வொரு தடமும் ஒரே எண்ணிக்கையான பைற்களைக் கொள்ள வேண்டும். ஆனால் கடைசி உள்தடத்தின் நீளம் வெளித்தடத்தில் மூன்றிலிரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவு. ஆதலால் உள்ளே செல்லச் செல்ல எழுத்து நெருங்குகிறது. தகுதியற்ற பூச்சு அங்கேதான் முதலில் தோற்கும். வாசலில் பெயர்ப்பலகை பளிச்சென்று தொங்கும். உள்ளறையில் ஆள் இருக்கமாட்டார். ஒன்றாம் தரத்திலிருந்து நான்காம் தரம் வரை எல்லாம் படிக்க முடிந்தது. ஐந்தாம் தரத்திலே இடையிடையே குறைவு. ஆறாம் தரம் தொட்டு இருள். எங்கள் கரையின் உப்புக் காற்றும் புழுக்கமும் தட்டின்மேல் பூஞ்சணமாகத் தம் பங்கையும் செய்திருந்தன. சுட்ட ஆணியின் பிளாஸ்டிக் துணுக்குகளும் உள்ளே இருந்திருக்கலாம். ஆயினும் பூஞ்சணத்தின்மேல் முழுப்பழியையும் சுமத்த எனக்கு வழியில்லை. துளையிடாமல் விட்ட அந்தப் பத்தாவது வட்டும் அதே பெட்டியில், அதே காற்றில், அதே பதினைந்து ஆண்டுகள் கிடந்தது. அது முதல் தடத்திலிருந்து கடைசித் தடம் வரை பிசகின்றிப் படித்தது. அதில் நான் சேமித்திருந்தது விளையாட்டுப் போட்டியின் நிகழ்ச்சிநிரல்.

கொழும்பில் கணினி திருத்தும் நண்பர் ஒருவர் அந்த வட்டை வாங்கி, பழைய இயக்கிகள் பலவற்றில் மாற்றி மாற்றி இட்டு, ஒவ்வொரு துண்டத்தையும் நூறு தடவையேனும் படிக்கச் செய்தார். ஒரு துண்டம் என்பது 512 பைற். அக்காலத்துப் பாமினி எழுத்துருவில் ஒரு விசைத்தட்டுக்கு ஒரு பைற் என்பதால், ஒரு துண்டத்தில் ஐந்தாறு பிள்ளைகளின் விவரம் அடங்கும். மூன்று வாரங்களின் பின்னர் ஆறாம் தரக் கோப்பின் சில துண்டங்களைக் காகிதத்தில் அச்சிட்டு அனுப்பினார். தீவுகள் போல் சில வரிகள், நடுவே வெற்றிடம். அந்த இளைஞரின் பெயர் ஒரு துண்டத்தின் கடைசி வரியாக இருந்தது. பெயர், தந்தை பெயர், பிறந்த திகதி. அதற்கடுத்து வரவேண்டிய சேர்வு இலக்கம் அடுத்த துண்டத்துக்குரியது, அது மீளவில்லை.

இலக்கம் இன்றி விடுகைப் பத்திரத்தின் பிரதி வழங்க முடியாது. கிடைத்த வரியையும், அயலவர் இருவர் வாக்குமூலத்தையும் வைத்து, சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக் கடதாசி முடித்து, உறுதிக் கடிதமொன்று கொடுத்தோம். அதற்குள் விண்ணப்ப முடிவுத் திகதி கடந்துவிட்டது. அவர் என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. “சேர் மட்டுமாவது எழுதி வைத்தீங்களே” என்று சொல்லிவிட்டு எழுந்தார். கோபித்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

சோனி நிறுவனம் 2011ஆம் ஆண்டு மார்ச் மாதத்துடன் ஜப்பானில் நெகிழ்வட்டு விற்பனையை நிறுத்திவிட்டது. ஜப்பானிய அரசு தன் விதிமுறைகளிலிருந்து நெகிழ்வட்டை அநேகமாக முற்றாக நீக்கியது 2024ஆம் ஆண்டில்தான். ஆகவே அலுமாரிகளில் இன்னும் வட்டுகள் கிடக்கின்றன என்பதில் ஐயமில்லை. எங்கள் நாட்டுப் பாடசாலைகளிலும் சங்கங்களிலும் பத்திரிகை அலுவலகங்களிலும் கிடக்கும். அவற்றை வைத்திருப்போர்க்குச் சில சொல்ல வேண்டும். உங்கள் வட்டின் இரண்டாவது துளை சதுரமாகவும் வழவழப்பாகவும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கோணலாகவோ உருகியோ இருந்தால் அது கையால் இட்ட துளை. அந்த வட்டை மற்றவற்றுக்கு முன்னே படித்துப் பிரதி எடுங்கள். அது 1.44 அளவில் எழுதப்பட்டிருந்தால் துளையை அடைக்க வேண்டாம். 720 அளவில் எழுதிய பின்னர் எவரேனும் துளையிட்டிருந்தால் மட்டும், ஒளிபுகாத ஒட்டுநாடாவினால் துளையை மூடிப் படித்துப் பாருங்கள். தட்டில் வெண்படலம் தெரிந்தால் இயக்கியில் இடாதீர்கள். தட்டும் கீறும், தலையும் கெடும். இன்று கடைகளில் கிடைக்கும் யூ.எஸ்.பி. இயக்கிகள் வழமையான அளவுகளுக்கே பழகியவை. 21 துண்ட வட்டுகளை அவை பெரும்பாலும் அறிய மாட்டா. தட்டிலிருந்து எழும் காந்த மாற்றத்தை அப்படியே பதிவுசெய்து, பின்னர் ஆறுதலாக ஆராயத்தக்க கிரையோபிளக்ஸ், கிரீஸ்வீசல் போன்ற கருவிகள் இப்போது உண்டு. பழைய இயக்கி ஒன்றும், அதனை அறிந்த கை ஒன்றும் இருந்தால் போதும்.

என் ஒன்பது வட்டுகளும் இன்னும் என் மேசை இழுப்பறையில் உள்ளன. ஈரம் உறிஞ்சும் பொட்டலத்துடன் ஒரு தகரப் பெட்டியில் வைத்திருக்கிறேன். ஆறாம் தரம் முதல் பதினொன்றாம் தரம் வரை பிள்ளைகளின் வரிகள் அவற்றுள் எங்கோ மங்கிக் கிடக்கின்றன. சென்ற தவணையில்கூட ஒரு தாய், தம் மூத்த மகளின் பதிவைக் கேட்டு வந்தார், ஒன்பதாம் தரம். இந்த டிசெம்பர் விடுமுறையில் கொழும்புக்குச் சென்று, நான் சொன்ன கருவிகளில் ஒன்றினால் அந்த வட்டுகளை மறுபடி படிக்கச் செய்ய ஏற்பாடு செய்திருக்கிறேன். அந்தத் தாயின் மகளுடைய பெயரைக் குறித்து எடுத்துக்கொண்டேன்.